கடைசி அரை அங்குலம்

கிளட்ச் பிளேட் மாற்றுவது பாதி வேலைதான். இறக்கிய கியர் பாக்ஸை மறுபடி ஏற்றும்போதுதான் மெக்கானிக்கின் பொறுமையும் கார்க்காரரின் பணமும் சோதனைக்கு உள்ளாகின்றன.

புதிய பிளேட் பொருத்தியாகிவிட்டது. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளும் இறுகிவிட்டன. காருக்கடியில் மல்லாந்து படுத்திருக்கும் மெக்கானிக்கும் உதவியாளரும் கியர் பாக்ஸைத் தூக்கி இன்ஜினோடு சேர்க்கிறார்கள். முக்கால்வாசி உள்ளே போகிறது. பிறகு அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மிச்சமிருப்பது சுமார் அரை அங்குல இடைவெளி. டெல்லி கரோல்பாகிலிருந்து கொல்கத்தா மல்லிக் பஜார் வரை கார் ரிப்பேர் நடக்கும் எந்தத் தெருவிலும் இந்தக் காட்சி புதிதல்ல.

இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது. கைகள் சோர்ந்திருக்கும், வண்டிக்காரர் வாசலில் காத்திருப்பார். 'போல்ட்டைப் போட்டு இறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும்' என்று தோன்றும். இழுத்துக்கொள்ளும்தான். ஆனால் இன்று பெரும்பாலான கார்களின் கியர் பாக்ஸ் கூடு அலுமினிய வார்ப்பு. போல்ட் மாட்டும் காது விரிந்து உடைந்தால், சில நூறு ரூபாய் மிச்சம் பார்க்கப் போய் ஒரு கூட்டையே வாங்க நேரும். கூடு தாக்குப்பிடித்தாலும் பிளேட்டின் நடுப்பகுதி வளையலாம். பைலட் பேரிங் நசுங்கலாம். அனுபவசாலிகளின் விதி எளிமையானது: இடைவெளியைக் கைதான் மூட வேண்டும். மூடிய பிறகே போல்ட்டுக்கு வேலை.

ஏன் நிற்கிறது?

கியர் பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள பல் வரிசைக்குள் நுழைய வேண்டும். பல கார்களில் அதன் முனை, ஃப்ளைவீலின் மையத்திலுள்ள சின்னஞ்சிறு பைலட் பேரிங்குக்குள்ளும் உட்கார வேண்டும். பிளேட்டைப் பிடித்திருப்பது பிரஷர் பிளேட்டின் அழுத்தம் மட்டுமே. இறுக்கும்போது பிளேட் ஓரிரு மில்லிமீட்டர் சரிந்திருந்தால் போதும், வழி அடைபட்டுவிடும்.

அதைத் தடுக்கத்தான் டம்மி ஷாஃப்ட். போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன்பே அதை நடுவில் செருகிவிட்டால், பிளேட் மையம் விலகாது. கம்பெனி கருவி கிடைக்காதவர்கள் டெல்லி மாயாபுரி போன்ற பழைய சாமான் சந்தைகளில் கழித்துப் போட்ட கியர் பாக்ஸின் ஷாஃப்ட்டை அறுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதுவே அச்சு அசலான அளவு.

மையம் சரியாக இருந்தும் ஏறாவிட்டால், பற்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்று அர்த்தம். அம்பாசிடர் போலப் பின்சக்கரம் இழுக்கும் கார் என்றால், கியரைப் போட்டு, கியர் பாக்ஸின் பின்முனையைக் கையால் மெல்லத் திருப்பலாம். மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவைக் காரில், இன்ஜின் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கொஞ்சம் சுழற்றினால் பல் பல்லோடு சேரும். அதுவரை கியர் பாக்ஸின் பாரத்தை ஜாக்கி தாங்க வேண்டும். ஷாஃப்ட்டில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போனால் பிளேட் வளையும். அப்புறம் கிளட்ச்சை எவ்வளவு மிதித்தாலும் கியர் கரகரக்கும்.

1983 டிசம்பரில் வந்து 2014இல் நின்றுபோனது மாருதி 800. அம்பாசிடரும் அதே 2014இல் உத்தர்பாராவில் விடைபெற்றது. இந்தியாவின் தெருவோர மெக்கானிக்குகள் பலருக்குப் பாடப் புத்தகமாக இருந்தவை இந்த இரண்டும்தான். அம்பாசிடரில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி கியர் பாக்ஸைப் பின்னால் இழுக்க வேண்டும். மாருதியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுகளை உருவி, இன்ஜினைத் தனியே தாங்கவைத்து, பக்கவாட்டில் இறக்க வேண்டும். வழிதான் வேறு, அந்த அரை அங்குலம் இரண்டுக்கும் பொது.

மறதியின் விலை

ஏற்றும் முன் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள். ஆனால் ஒன்றை விட்டாலும் மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். புதிய பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைத் துடைக்க வேண்டும். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று கவனிக்க வேண்டும். பல் வரிசைக்குக் கிரீஸ் ஒரு பூச்சு போதும்; அள்ளி அப்பினால் அது பிளேட்டில் தெறித்து, புதுக் கிளட்ச்சும் வழுக்கும். ரிலீஸ் பேரிங் பழசாக இருந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும். சாமான் விலை குறைவு, இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். ஆயில் சீல் கசிந்தாலும் அப்படித்தான்.

ஏற்றிய பின் வரும் மறதி இன்னும் மோசம். கியர் ஆயிலை வடித்துவிட்டு ஊற்ற மறந்தால் கார் ஓடத்தான் செய்யும், பேரிங் கருகும்வரை. எர்த் வயரைப் பூட்ட மறந்தால் விசித்திரமான விபத்து நடக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் திரும்பிப் போக வேறு வழி தேடி, கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாயும். கேபிள் பழுத்து, புகை கிளம்பும்.

மனிதனுக்கு வரும் ஆபத்தும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டு கட்டாயம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கட்டாயம். பழைய பிளேட்டின் தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ வெளியேற்றும் பழக்கமும் கெட்டது. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால், நோய் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டலாம். ஈரத்துணியால் துடைத்தால் தூள் பறக்காது.

டாக்ஸி ஓட்டுபவருக்கு வண்டி படுத்த ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். மெக்கானிக்குக்கோ, தன் தவறால் இரண்டாம் முறை இறக்கினால் கூலி கேட்க வாயில்லை. அவசரம் இருவருக்கும் நஷ்டம்.

கிளட்ச் பெடலே இல்லாத கார் வாங்கியவர்களும் தப்பிவிட முடியாது. 2014இல் செலேரியோவுடன் இந்தியாவுக்கு அறிமுகமான ஏஎம்டி காரிலும் உள்ளே இருப்பது அதே பிளேட்தான். மிதிப்பது மட்டும் மோட்டார். கிளட்ச்சிலிருந்து உண்மையான விடுதலை மின்சாரக் காரில்தான்.

அதுவரை, பணம் கொடுக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. நின்ற இடத்தில், பெடலை முழுக்க மிதித்து, இரண்டொரு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். கரகரவென்றால் கேபிளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதிலும் சரியாகாவிட்டால், அந்த அரை அங்குலத்தை மூடியது கையா, போல்ட்டா என்று கேளுங்கள்.