'பிரைமரி காம்ப்ளக்ஸ்'னு சொல்லிட்டாங்களா? மருந்தை நிறுத்தாம இன்னொரு டாக்டரையும் கேளுங்க!

உங்க மூணு வயசுப் பையன் சரியாவே சாப்பிட மாட்டேங்கிறான். மாசத்துக்கு ஒரு தடவை சளி. பக்கத்து வீட்டுப் பையன் பக்கத்துல நிறுத்திப் பார்த்தா இளைச்ச மாதிரி வேற தெரியுது. மங்கலம்பேட்டையில பஸ் ஏறி, விருத்தாசலத்துல ஒரு கிளினிக்ல காட்டுறீங்க. கையில ஒரு ஊசி, நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே, கொஞ்சம் ரத்தம். மூணாவது நாள் டாக்டர் சொல்றார்: "பிரைமரி காம்ப்ளக்ஸ். ஆறு மாசம் மருந்து கொடுக்கணும்."

தமிழ்நாட்டுல பல வீடுகள்ல கேட்ட வார்த்தைதான் இது. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, "நெஞ்சுல சளி கட்டியிருக்காம்" என்றுதான் பலரும் சொல்வாங்க. உண்மையில் அது காசநோய், அதாவது டி.பி. கிருமி முதன்முறையா நுரையீரலுக்குள்ள போகும்போது அங்கே ஒரு சின்னப் புண்ணும், பக்கத்துல நெறிக்கட்டி வீக்கமும் வரும். அந்த இரண்டும் சேர்ந்ததுக்குத்தான் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று பெயர். டி.பி. என்றால் குடும்பம் பயந்துடும் என்பதால் சிலர் இந்தப் பெயரோட நிறுத்திக்கிறாங்க. விஷயம் தெரியாமலே ஆறு மாசம் மருந்து கொடுக்கிற அம்மாக்கள் இருக்காங்க.

கையில போட்ட ஊசிக்குப் பெயர் மான்டூ டெஸ்ட். இரண்டு, மூணு நாள் கழிச்சு அந்த இடத்துல தடிப்பு 10 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா 'பாசிட்டிவ்'. ஆனா அது சொல்றது, கிருமி எப்போதோ உடம்புக்குள்ள போயிருக்கலாம் என்பதை மட்டும்தான். இப்போ நோய் இருக்குன்னு அது தனியா சொல்லாது. பிறந்ததும் போட்ட பி.சி.ஜி தடுப்பூசியாலகூட தடிப்பு வரலாம். ரத்தத்துல இ.எஸ்.ஆர் ஏறியிருக்கா? எந்தத் தொற்றுலயும் ஏறும். எக்ஸ்ரேயில நிழலா? சாதாரண நிமோனியாவுலயும் தெரியும். ரத்தத்தை எடுத்து 'டி.பி. ஆன்டிபாடி' பார்க்கிற டெஸ்ட்டை மத்திய அரசு 2012-லேயே தடை பண்ணிடுச்சு. அந்த ரிப்போர்ட்டை யாராவது காட்டினா அங்கேயே உஷாராகிடுங்க.

டாக்டர்கள் உண்மையில் தேடுறது வேற: இரண்டு வாரத்துக்கு மேல விடாத காய்ச்சல் அல்லது இருமல், எடை குறையறது அல்லது ஏறாமலே நிக்கிறது, வீட்டுல யாருக்காவது டி.பி. இருக்கிறது. சந்தேகம் வந்தா அடுத்து சளிப் பரிசோதனை. சின்னப் பசங்களுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, முழுங்கிடுவாங்க. அதனால காலையில வெறும் வயித்துல, மூக்கு வழியா மெல்லிய குழாய் விட்டு வயித்துல இருக்கிற திரவத்தை எடுப்பாங்க. அதை சிபிநாட் அல்லது ட்ரூநாட் மெஷின்ல போட்டா சில மணி நேரத்துல முடிவு வந்துடும். அரசு மருத்துவமனைகள்ல இது இலவசம். குழந்தைகள்கிட்ட கிருமி எண்ணிக்கை குறைவுங்கிறதால, இதுல 'நெகட்டிவ்' வந்தாலும் டி.பி. இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எல்லாத்தையும் சேர்த்து வெச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணணும். ஒருத்தர் சரின்னு சொன்னதை இன்னொருத்தர் இல்லைன்னு சொல்ல வாய்ப்பு இருக்கிற இடம் இதுதான். இரண்டாவது கருத்துக்கு இதைவிட நியாயமான காரணம் கிடையாது.

இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கு. தேவையில்லாம ஆறு மாசம் கொடுத்தா, அந்த மாத்திரைகள்ல சில கல்லீரலைப் பாதிக்கலாம். பையன் சாப்பிடாததுக்கான உண்மையான காரணமும் கண்டுபிடிக்காமலே போயிடும். உண்மையிலேயே டி.பி. இருந்து மருந்து கொடுக்காம விட்டா, ஐந்து வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குக் கிருமி மூளை வரைக்கும் போகலாம். அதனால மருந்து ஆரம்பிச்சிருந்தா நீங்களா நிறுத்தாதீங்க. இரண்டு மாசம் யோசிக்காதீங்க, சில நாள்ல இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க.

அப்புறம் எல்லாரும் மறக்கிற ஒண்ணு. குழந்தைக்கு டி.பி. வந்தா, அது பெரும்பாலும் பெரியவங்க கிட்ட இருந்துதான் வந்திருக்கும். திண்ணையில இருமிக்கிட்டே இருக்கிற தாத்தாவையோ ஆயாவையோ யாரும் பரிசோதிக்கலைன்னா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. தனியார் டாக்டரா இருந்தாலும் டி.பி. நோயாளியை அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும். 2012-லிருந்து இது கட்டாயம். தெரிவிச்சா மருந்து இலவசம், சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். "எங்க குழந்தையை நிக்ஷய்ல பதிவு பண்ணிட்டீங்களா டாக்டர்?"னு கேளுங்க. அந்தப் பதிலே உங்களுக்கு நிறைய சொல்லிடும்.

வேற எப்போ?

அவசரமில்லாத ஆபரேஷன் எதுக்கும் கேட்கலாம். தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானாவே மூடிக்கும். ஆனா தொடை இடுக்குல வர்ற குடலிறக்கம் அப்படி இல்லை, ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். டான்சில் எடுக்கணும்னு சொன்னா, போன வருஷம் எத்தனை தடவை தொண்டை வலி வந்ததுன்னு எண்ணிப் பாருங்க. ஒரே வருஷத்துல ஏழு தடவைங்கிறது பல நாட்டு டாக்டர்கள் வெச்சிருக்கிற கணக்கு. காய்ச்சல்ல ஒரு தடவை ஜன்னி வந்ததுக்காக வருஷக்கணக்குல வலிப்பு மாத்திரை எழுதினாலும் கேளுங்க.

அப்போ கேட்கக் கூடாது

மூச்சு வாங்குது, வலிப்பு நிக்கலை, எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குது, சிறுநீரே போகலை. அப்போ கருத்தெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. பையனுக்கு விதைப்பையில திடீர்னு கடுமையான வலியா? உள்ளே முறுக்கிக்கிட்டிருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள சரிபண்ணணும். டெங்குல காய்ச்சல் இறங்கின பிறகு வயித்து வலியும் வாந்தியும் ஆரம்பிச்சா, "காய்ச்சல் விட்டுடுச்சே"னு நிம்மதியா இருக்காதீங்க.

குழந்தையை அட்மிட் பண்ணியிருக்கீங்க, மோசமாகுதுன்னு உங்களுக்குத் தோணுது, யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க. இங்கிலாந்துல 13 வயசு மார்த்தா மில்ஸ் 2021-ல இப்படித்தான் செப்சிஸ்ல இறந்து போனாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் அவளை உரிய நேரத்துல ஐ.சி.யூ-வுக்கு மாத்தலை. அதுக்கப்புறம் 2024-லிருந்து அங்கே 'மார்த்தா விதி' வந்தது. பெற்றோரே வேற ஒரு மருத்துவக் குழுவை அவசரமா அழைச்சுப் பார்க்கச் சொல்லலாம். நம்ம வார்டுல அப்படி ஒரு ஃபோன் நம்பர் இல்லை. "பெரிய டாக்டரை இப்பவே கூப்பிடுங்க சிஸ்டர்"னு நீங்கதான் சத்தமா கேட்கணும்.

டாக்டர் கோவிச்சுக்குவாரே?

இந்தத் தயக்கம்தான் பெரிய தடை. "டாக்டர், வீட்ல பெரியவங்க இன்னொரு இடத்துலயும் காட்டச் சொல்றாங்க, ஒரு ரெஃபரல் லெட்டர் கொடுங்களேன்"னு கேளுங்க. பழி பெரியவங்க மேல போகட்டும், தப்பில்லை! நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல தயாரிச்ச நோயாளி உரிமை சாசனத்துல இரண்டாவது கருத்தும் ஓர் உரிமை. ரெக்கார்டுகளைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002 விதிமுறை சொல்லுது.

எங்கே போறது? கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகர்ல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி (நம்ம பழைய ராஜா முத்தையா), முண்டியம்பாக்கம், ஜிப்மர். குழந்தைகளுக்குன்னு தனி சிறப்பு மருத்துவர் இருக்கிற இடமா பாருங்க. யூடியூபும், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பும் இரண்டாவது கருத்து ஆகாது.

போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது, எக்ஸ்ரே ஃபிலிமையும் எடுத்துக்கோங்க. தடுப்பூசி அட்டை, பிறந்ததிலிருந்து எடுத்த எடைக் குறிப்பு, கொடுத்த மருந்துச் சீட்டு எல்லாம் வேணும். வலிப்பு மாதிரி ஏதாவது வந்தா ஒருத்தர் குழந்தையைப் பார்த்துக்கட்டும், இன்னொருத்தர் மொபைல்ல வீடியோ எடுக்கட்டும். முதல்ல குழந்தைக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, அப்புறமா பழைய ஃபைலை நீட்டுங்க.

இரண்டு டாக்டரும் வேற வேற சொன்னா? பிடிச்ச பதிலைச் சொன்னவரை நம்பிடாதீங்க. "அவர் ஏன் அப்படிச் சொன்னார்னு நினைக்கிறீங்க?"னு இவர்கிட்டயே கேளுங்க. தெளிவா காரணம் சொல்லலைன்னா, ஃபைலைத் தூக்கிக்கிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போங்க. அங்கே ஒரே கேஸை நாலு பேர் உட்கார்ந்து விவாதிப்பாங்க.