டெவல் சிக்கனும் தாச்சியின் சூடும்

ஹெவ்லொக் வீதியிலோ காலி வீதியிலோ ஒரு 'சைனீஸ்' உணவகத்துக்குப் போனால், பட்டியலில் 'டெவல்' வகைகள் பெரும்பாலும் இருக்கும். கோழி, இறால், கணவாய் என எதையும் டெவல் செய்யலாம். ஆனால் சீனாவில் இந்தப் பெயரைச் சொன்னால் விளங்கிக்கொள்பவர் அரிது. காரமான உணவை 'டெவல்' என்று அழைப்பது 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயரிடம் இருந்த வழக்கம். கடுஞ்சூட்டில் விரைவாகக் கிளறி எடுக்கும் முறை சீனருடையது. கட்டைத்தூளும் கறிமிளகாயும் நம் சமையலறையில் உள்ளவை. அந்த மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கேயர் காலத்தில் ஆசியாவுக்கு வந்ததுதான்.

இதை வீட்டில் சமைக்க நம்மில் பலர் தயங்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. சீனச் சமையலில் இறைச்சியின் வாடை நீங்க அரிசி மது சேர்ப்பது வழக்கம். அடுப்பில் வைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வது சரியல்ல. ஒரு பகுதி உணவிலேயே தங்கிவிடும். எனினும் மது இல்லாமல் சீனச் சமையலே இல்லை என்று எண்ண வேண்டாம். சீன முஸ்லிம்கள் 'ச்சிங்சென்' என்ற பெயரில் பல நூற்றாண்டுகளாக ஹலால் சமையலை வளர்த்து வந்துள்ளனர். லன்ஜோ நகரின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி நூடில்ஸ் அவர்களுடையதே. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டை நிறுவிய சீனத் தளபதி ஜெங் ஹெயும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்தான். சீனம், தமிழ், பாரசீகம் பொறித்த அக்கல்லை இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம்.

மதுவின் வேலையை நம் வீட்டில் இஞ்சியும் வினாகிரியும் செய்துவிடும். சோஸ் போத்தல்களை வாங்கும்போது மட்டும் சுட்டுத்துண்டை வாசித்துப் பாருங்கள்.

அடுத்த சிக்கல், வீட்டில் செய்யும் டெவல் கறி போல் நீர்த்துப்போவது. பலர் சோஸைக் குறை சொல்வார்கள். உண்மைக் காரணம் தண்ணீர். தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். இறைச்சி சிவந்து மணம் பெறுவதற்கோ ஏறக்குறைய 140 பாகை வேண்டும். முழு இறைச்சியையும் ஒரேயடியாகப் போட்டால் தாச்சி சூடிழந்து, வடியும் நீரிலேயே இறைச்சி அவிந்துவிடும். உணவக அடுப்பின் சுவாலை பெரியது. நம் கேஸ் அடுப்பில் அந்தச் சூடு இல்லை. ஆகவே அளவைக் குறைப்பதே வழி.

எலும்பில்லாத கோழி இறைச்சி 500 கிராமைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கழுவி, நன்றாக நீர் வடியவிடுங்கள். சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, வினாகிரி ஒரு தேக்கரண்டி, சோளமா ஒரு மேசைக்கரண்டி, சிறிது மிளகுதூள் சேர்த்துப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். சோளமா இறைச்சியின் சாற்றை உள்ளே காக்கும்.

இரும்புத் தாச்சியை நன்கு சூடாக்கி, எண்ணெய் விட்டு, இறைச்சியை இரண்டு தடவையாகப் பொரித்தெடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருக்கக் கூடாது. பின்பு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் நறுக்கிய இஞ்சி, வெள்ளைப்பூடு, இரண்டு தேக்கரண்டி கட்டைத்தூள் போடுங்கள். மிளகாயின் காரம் எண்ணெயில்தான் கரையும்; ஆனால் சில விநாடிகளுக்கு மேல் விட்டால் கருகிக் கசக்கும். உடனே பெரிதாக வெட்டிய வெங்காயமும் கறிமிளகாயும் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். தக்காளி சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி ஊற்றி, இறைச்சியைத் திரும்பப் போட்டுப் பிரட்டி இறக்குங்கள். சோயா சோஸில் உப்பு இருப்பதால், ருசி பார்த்த பின்பே உப்புச் சேருங்கள். மூடி போட வேண்டாம். மூடினால் ஆவி நீராகி மீண்டும் தாச்சிக்குள் விழும்.

காய்கறிகளை வெட்டி, சோஸ்களை அளந்து வைத்த பிறகே அடுப்பை மூட்ட வேண்டும். அடுப்பில் நிற்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்கு முன் செய்யும் ஆயத்தமே இந்தச் சமையலின் பெரும்பகுதி.