ஈற்றுப் பிளவும் எலும்பு ஒட்டும்

உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே மருத்துவர்கள் உதட்டைத் தைத்துச் சீர்செய்துவிடுகின்றனர். அத்துடன் சிகிச்சை முடிந்துவிட்டதெனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஆனால், இக்குழந்தைகளுள் பலருக்கு மேல் ஈற்றின் எலும்பிலும் பிளவு இருக்கும். உதடு மூடியபின் அது வெளியே தெரிவதில்லை.

அதனால் விளையும் கேடு யாது? எலும்பில்லாத இடத்தில் பல் ஊன்றி நிற்க இயலாது. கோரைப்பல் முளைக்க வழியின்றித் தடைப்படும். குடிக்கும் நீர் மூக்கின் வழியே வருவதும் உண்டு.

இதற்குரிய சிகிச்சையே எலும்பு ஒட்டு. ரப்பர்த் தோட்டத்தார்க்கு ஒட்டுக் கட்டுதல் புதிதன்று. இளங்கன்றின் பட்டையைக் கீறி, நல்லின மரத்தின் மொட்டைப் பொருத்துகிறோம். பருவம் தவறினால் ஒட்டுப் பிடிப்பது அரிது. இங்கும் அவ்வாறே. ஆனால், எலும்பு பிறரிடமிருந்து எடுக்கப்படுவதில்லை. பெரும்பாலும் அப்பிள்ளையின் இடுப்பெலும்பின் உட்பகுதியிலிருந்தே சிறிதளவு எடுக்கப்பெறுகின்றது. பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்திச் செய்வதால் அப்பொழுது வலி தெரியாது. பின்னர்ச் சில நாள் இடுப்பு வலிக்கும். சில வாரம் மென்மையான உணவே உண்ணவேண்டும். நாளடைவில் ஒட்டு ஈற்றெலும்போடு ஒன்றிவிட, கோரைப்பல் அதனூடே இறங்கும்.

1950ஆம் ஆண்டுகளில் கைக்குழந்தைகளுக்கே இச்சிகிச்சையைச் செய்து பார்த்தனர்; மேல்தாடையின் வளர்ச்சி குன்றியது. 1972இல் பாயின், சேண்ட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், கோரைப்பல் முளைப்பதற்குச் சற்று முன்னர்ச் செய்யும் முறையை வெளியிட்டனர். இன்று பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள் இது செய்யப்படுகின்றது. பிந்திச் செய்தாலும் பயனுண்டு. ஆயினும் வெற்றி வாய்ப்புக் குறையும்.

நகரிலிருந்து தொலைவில் வாழும் தோட்ட மக்களுக்கே இப்பருவம் எளிதில் தவறிவிடக்கூடும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ சென்றுவர மலைப்பாதைப் பயணமும் ஒரு நாள் கூலியும் செலவாகும். எனினும் முதற்படி அருகிலேயே உள்ளது. தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ, அரசாங்கப் பல் மருத்துவரிடமோ, பள்ளிக்கு வரும் பல் மருத்துவத் தாதியரிடமோ பிள்ளையைக் காட்டுங்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். சொத்தைப் பற்களை முன்னரே சீர்செய்து, நாள்தோறும் பல் துலக்கப் பழக்குங்கள். வாய் தூய்மையாக இருந்தால்தான் ஒட்டு நிலைக்கும்.

கிரகணத்தில் தாய் வெளியே சென்றதால் பிளவு உண்டாயிற்று எனப் பழிப்பது அறியாமை. கருவின் முதல் இரண்டு மாதங்களில் முகப்பகுதிகள் இணையாமையே காரணம். ஆகவே தாயைக் குறைகூறுவதை விடுத்து, பிள்ளை இரண்டாம் வகுப்பில் பயிலும்போதே மருத்துவரை நாடுவது பெற்றோர் இருவரின் கடமையாகும்.