காலை டிபன் கட்டாயமா? முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்

அரசு ஆஸ்பத்திரிகளில் சர்க்கரை நோயாளிகள் ரத்தப் பரிசோதனைக்கு வரும் நாளில் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்த பெரியவர்கள் வரிசையில் நிற்பார்கள். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால், "டாக்டர் தவறாம போடச் சொன்னாரே, விடிஞ்சதும் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர் ஒருவராவது அதில் இருப்பார். லேப் டெக்னீஷியன் வரும்போது எட்டரை ஆகியிருக்கும். டோக்கன் நகர்ந்து ரத்தம் எடுக்கும்போது பத்து ஆகிவிடும். அதற்குள் கை நடுங்கும், சட்டை நனையும், கண் இருட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் "வெயில், காத்தோட்டம் இல்லை" என்று விசிறிக்கொண்டிருப்பார்கள். அது வெயில் அல்ல. சர்க்கரை இறங்கிவிட்டது.

காலை உணவு அவசியமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரு எதிர்க்கேள்விதான். கேட்பவர் யார்? என்ன மாத்திரை போடுகிறார்?

நோய் நொடி இல்லாத, கர்ப்பமாக இல்லாத, வளர்ந்த ஆளுக்குக் காலை டிபன் கட்டாயம் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 13 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. காலையில் சாப்பிட்டவர்கள் அன்றைக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாகவே சாப்பிட்டிருந்தார்கள். சாப்பிடாதவர்களின் எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் குறைவாகவே குறைந்திருந்தது. அவையும் பெரும்பாலும் வெளிநாட்டில் நடந்த குறுகிய கால ஆய்வுகள். ஆக, டிபனை விட்டால் குண்டாகிவிடுவோம் என்பதும் சரியில்லை, விட்டால் இளைத்துவிடுவோம் என்பதும் சரியில்லை. காலையில் பசிக்காதவர் பதினோரு மணிக்குச் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது. டீயும் இரண்டு பிஸ்கட்டும் தின்றுவிட்டு மத்தியானம் பரோட்டாவில் பழி தீர்ப்பதுதான் கெடுதல்.

காலையில் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். குடல் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டறிந்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று வலி மாத்திரை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வெறும் வயிற்றில் விழுங்குகிறார்களே, அதில் இருக்கிறது ஆபத்து. பழியை மட்டும் விட்டுப்போன இட்லி சுமக்கிறது.

இனி யாருக்குக் காலை உணவு விளையாட்டு இல்லை என்பதைப் பார்ப்போம்.

முதலில் சர்க்கரை மாத்திரை போடுபவர்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு டிபன் தாமதமானால் பெரும்பாலும் ஆபத்து வராது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகிய மூன்றும் வேறு ரகம். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை இறக்கிவிடும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதன் வேகம் சீக்கிரம் அடங்காது, மணிக்கணக்கில் நீடிக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

உங்கள் வீட்டு மாத்திரை எந்த ரகம்? பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயர்களில் ஒன்று கம்பெனி வைத்தது. அதோடு இருக்கும் மற்றொன்றுதான் மருந்தின் பெயர். படிக்க முடியவில்லை என்றால் மெடிக்கலில் கொடுத்து, "இதில் கிளிமிபிரைடு இருக்கா, வோக்லிபோஸ் இருக்கா?" என்று இந்த இரண்டு பெயரையும் சொல்லியே கேளுங்கள். வோக்லிபோஸ் ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளே சொல்கின்றன. கிறுக்கலை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியது உங்கள் தலையெழுத்து அல்ல. "பெயரைத் தமிழில் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். முறைத்தாலும் கேளுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: "ஏதோ காரணத்தால் காலையில் சாப்பிட முடியாமல் போனால், இதில் எதைப் போடணும், எதை விடணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு, தவக்காலம் என எந்த விரதம் இருப்பவரும் அது தொடங்குவதற்கு முன்பே போய்க் கேட்க வேண்டும். நீங்களாக எல்லா மருந்தையும் நிறுத்திவிடவும் கூடாது. சிறு வயதிலேயே வரக்கூடிய டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள், சாப்பாடு இறங்காத நாளில்கூட இன்சுலினை அடியோடு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ரத்தப் பரிசோதனை நாளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள். வெறும் வயிற்று ரத்தத்துக்கு எட்டு மணி நேரப் பட்டினி போதும். பதினான்கு மணி நேரம் கிடக்க வேண்டியதில்லை. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையைப் பையில் எடுத்துப் போங்கள், போட்டுக்கொண்டு போகாதீர்கள். ரத்தம் கொடுத்த பிறகு, கையில் டிபன் பாக்ஸ் இருக்கும்போது போடுங்கள். சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. அன்றைக்கு மட்டும் ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று ஒரு இட்லியோடு எழுந்துவிடுபவர்கள் டாக்டரை ஏமாற்றவில்லை, தங்கள் கண்ணையும் காலையும் ஏமாற்றுகிறார்கள்.

மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினியே தேவையில்லை. ஹீமோகுளோபினுக்கும் அப்படித்தான். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கிறதே, அது எப்போது சாப்பிட்டிருந்தாலும் செய்யும் வகையில் வகுக்கப்பட்ட முறை. இருந்தும் நிறைமாதப் பெண்ணைக் காலையிலிருந்து பட்டினியாக உட்காரவைக்கும் இடங்கள் இருக்கின்றன. "இந்த டெஸ்ட்டுக்குச் சாப்பிடாம வரணுமா?" என்று முதல் நாளே நர்ஸிடம் கேளுங்கள். எல்லோரையும் பட்டினியாக வரச் சொல்லிவிட்டால் ஊழியர்களுக்கு வேலை சுலபம். உங்களுக்கு அல்ல.

சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன செய்வது? வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், குழறல் இவையெல்லாம் அறிகுறிகள். கருவி இருந்து அளவு 70-க்குக் கீழே காட்டினால் தாமதிக்க வேண்டாம். கருவி இல்லாவிட்டால் சந்தேகமே போதும். 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி கொடுங்கள். தேறியதும் சாப்பாடு கொடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை போடுபவருக்கு மட்டும் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, ஏனென்றால் அந்த மருந்தே அதைக் குடலில் தடுத்துவிடும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மாத்திரைப் பெயரின் வாலில் "எம்வி" என்று இருந்தால் பெரும்பாலும் வோக்லிபோஸ் கலந்ததுதான். ஒரு பாக்கெட் குளுக்கோஸ் வாங்கி வீட்டில் வையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு ரகம் போட்டவர் தேறி எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். "இப்ப நல்லாயிட்டாரே" என்று படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

சர்க்கரை மாத்திரைக்கு நேர் எதிர் தைராய்டு மாத்திரை. அது வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டியது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபிகூட. இரண்டு மாத்திரையையும் ஒரே டம்ளர் தண்ணீரில் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்தது பள்ளிப் பிள்ளைகள். வளரும் உடம்புக்கு இரவுச் சாப்பாட்டிலிருந்து மதியம் வரை இடைவெளி விடுவது அநியாயம். பிரேயரில் மயங்கி விழும் பிள்ளையைப் பார்த்த ஆசிரியர்களிடம் கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. 2024-இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புறத்தில் இருப்பவற்றுக்கும் விரிந்தது. 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக வகுத்த திட்டம் அது. "எங்க வீட்டுப் பிள்ளை அங்க சாப்பிடணுமா?" என்ற வறட்டுக் கௌரவத்தில் பிள்ளையை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரவைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். காலை உணவு மாநில அரசின் திட்டம். மதிய உணவோ 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமை. பள்ளி நாளில் எந்த ஒரு நாள் மதிய உணவு போடாவிட்டாலும் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி கொடுக்க வேண்டும் என்றும், தொடர்ந்து மூன்று நாள், அல்லது ஒரு மாதத்தில் ஐந்து நாள் போடவில்லை என்றால் அதற்கு யார் பொறுப்பு என்று நிர்ணயிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அங்கன்வாடியில் 3 முதல் 6 வயது வரையான குழந்தைகளுக்குக் காலைச் சிற்றுணவும் சூடான சாப்பாடும் அதே சட்டத்தில் இருக்கிறது.

காலை உணவு வரவில்லை, நேரத்துக்கு வரவில்லை, சாம்பார் வெறும் தண்ணீர் என்றால் சத்துணவுக் கூடத்தில் போய்ச் சமைக்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள். சாமான் வராததற்கு அவர் என்ன செய்வார்? தேதி, நேரம், என்ன குறை என்பதை எழுதுங்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அந்தக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் குறையைப் பதியச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லையா? ஊராட்சிப் பகுதி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், நகரம் என்றால் நகராட்சி, மாநகராட்சி ஆணையரிடமும் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். போக முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்து பதியலாம்.

எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டும் மனு எண்ணும் வாங்குங்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்று சொன்னால் வைத்துவிட்டு வராதீர்கள். எண் இல்லாத மனு எங்கே போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பதிலே இல்லாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள்: இந்த எண் மனு மீது என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், யாரால்? 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எண் கையில் இருந்தால்தான் இந்தக் கேள்வியையே எழுத முடியும். ஆகவே எண்ணை வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.