உறிஞ்சுகுழலும் தடை விதியும்

கோடைக் காலத்தில் இளநீரும் பழரசமும் விற்கும் கடையோரத்தில் சிறிது நேரம் நின்று கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். பானத்தைப் பருகி முடிக்க ஐந்து நிமிடங்களே பிடிக்கின்றன. பருக உதவிய குழலோ, பிளாஸ்டிக்கினால் ஆனதாயின், பல்லாண்டுக் காலம் அழியாது மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. ‘ஸ்ட்ரா’ என்று யாவரும் அழைக்கும் இந்தப் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை மத்திய அரசாங்கம் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை செய்தது. தமிழ்நாடு அதற்கு முன்னரே, 2019 ஜனவரி 1 முதல், இதைத் தடை செய்த பொருள்களின் பட்டியலில் சேர்த்திருந்தது.

“இத்தனை சிறிய பொருளைத் தடுப்பதால் என்ன விளையும்?” என்று கடைக்காரர் கேட்கிறார், வகுப்பறையில் மாணவனும் கேட்கிறான். இக்கேள்விக்கு நேர்மையான விடை கூறும் பொறுப்பு களப்பணியாளர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்தது. தடையை ஆதரித்துக் கூறப்படும் வாதங்களில் சில வலுவற்றவை. எதிர்த்துக் கூறப்படும் வாதங்களில் சில புறக்கணிக்கத் தகாதவை. இவற்றைப் பிரித்தறிந்தாலன்றி விடை கூறுவது எளிதன்று.

வைக்கோலிலிருந்து பிளாஸ்டிக் வரை

‘ஸ்ட்ரா’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வைக்கோல் என்பதாகும். மேல்நாடுகளில் முற்காலத்தில் தானியப் பயிரின் உலர்ந்த தண்டையே பானம் உறிஞ்சப் பயன்படுத்தினர். அது விரைவில் நைந்து, பானத்திற்குப் புல்லின் சுவையையும் ஏற்றியது. இக்குறையைப் போக்க, அமெரிக்கரான மார்வின் ஸ்டோன் என்பவர் காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கும் முறைக்கு 1888-ல் காப்புரிமை பெற்றார். ஜோசப் ஃப்ரீட்மன் என்பவர் வளையும் குழலுக்கு 1937-ல் காப்புரிமை பெற்றார். படுக்கையிலுள்ள நோயாளிகள் தலையைத் தூக்காமல் பருக முடிந்தமையால் அதனை மருத்துவமனைகள் விரும்பி ஏற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே மலிவான பிளாஸ்டிக் குழல்கள் பெருகிக் காகிதத்தின் இடத்தைப் பிடித்தன. ஆகவே, இன்று புதுமையாகத் தோன்றும் காகிதக் குழல் உண்மையில் பழமைக்குத் திரும்புதலேயாகும்.

குழலின் இயல்பு

பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்கள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்னும் பொருளால் ஆனவை. இதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம். எனவே இது நீரில் மிதக்கும். மழைநீர் இதனைச் சாக்கடைக்கும், சாக்கடை ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் எளிதில் கொண்டு செல்கின்றன. வெயிலில் நாளடைவில் இது முறிந்து நுண்துகள்களாகச் சிதறுகிறதே அன்றி, மண்ணோடு மண்ணாக மக்குவதில்லை.

பாலிப்ரோப்பிலீனை உருக்கி மீண்டும் பயன்படுத்த இயலும் என்பது மெய்யே. ஆனால் ஒரு குழலின் எடை ஏறத்தாழ 0.4 கிராம்தான். ஒரு கிலோ சேர வேண்டுமானால் 2,500 குழல்களைக் குனிந்து பொறுக்க வேண்டும். பழைய பொருள்களைச் சேகரித்துப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளி தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொண்டு, அருகில் கிடக்கும் குழலை விட்டுச் செல்வதற்குக் காரணம் இதுவே. தரம் பிரிக்கும் இயந்திரத்திலும் இது சல்லடையின் துளைகள் வழியே நழுவி விடுகிறது. கொள்கை அளவில் மறுசுழற்சிக்கு உரிய இப்பொருள், நடைமுறையில் யாராலும் சேகரிக்கப்படாத பொருளாகிவிட்டது.

எண்களில் எச்சரிக்கை

2015-ல் மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா கடற்பகுதியில் ஓர் ஆமையின் மூக்கில் சிக்கியிருந்த குழலை விஞ்ஞானிகள் இடுக்கியால் பிடுங்கிய காட்சி உலகெங்கும் பரவியது. அது ஆலிவ் ரிட்லி என்னும் பங்குனி ஆமை. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கடற்கரைகளில் பெருந்திரளாக வந்து முட்டையிடுவதும் இதே இனம்தான். உறிஞ்சுகுழலுக்கு எதிரான இயக்கம் வேகம் பெற்றது இக்காட்சிக்குப் பின்னரே.

ஆனால், மனத்தை உருக்கும் காட்சி அளவைக் காட்டும் சான்றாகாது. அமெரிக்காவில் நாள்தோறும் 50 கோடி குழல்கள் வீசப்படுகின்றன என்னும் எண் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் மேற்கோளாக வந்தது. அது 2011-ல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குழல் தயாரிப்பாளர்களைத் தொலைபேசியில் விசாரித்துக் கணித்த எண் என்பது பின்னர் தெரியவந்தது. உலகின் கடற்கரைகளில் கிடக்கும் குழல்கள் அனைத்தும் ஏறத்தாழ 2,000 டன் இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஓர் ஆண்டில் கடலைச் சேரும் பிளாஸ்டிக் கழிவோ, 2015-ல் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ 80 லட்சம் டன். குழலின் பங்கு நாலாயிரத்தில் ஒன்று என்னும் அளவிலேயே நிற்கிறது.

எனவே, குழலைத் தடுத்தால் கடல் தூய்மையாகும் என்று எவரேனும் கூறினால் அது மிகைக் கூற்றே. மாணவனுக்கு அதனைக் கற்பித்தல் தகாது.

தடையின் உண்மையான அடிப்படை

இந்தியாவில் தடைசெய்ய வேண்டிய பொருள்களைத் தெரிவு செய்தபோது எடையை மட்டும் கருதவில்லை. நிபுணர் குழு ஒவ்வொரு பொருளையும் இரண்டு அளவுகோல்களால் மதிப்பிட்டது. ஒன்று, அப்பொருளால் விளையும் பயன். மற்றொன்று, அதனால் சுற்றுச்சூழலுக்கு விளையும் கேடு. பயன் குறைவாகவும் குப்பையாகச் சிதறும் தன்மை மிகுதியாகவும் உள்ள பொருள்களே பட்டியலில் இடம் பெற்றன. காது குடையும் பிளாஸ்டிக் குச்சி, பலூன் குச்சி, மிட்டாய்க் குச்சி, பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி ஆகியவற்றுடன் உறிஞ்சுகுழலும் இவ்வாறே சேர்ந்தது. இதற்கான திருத்த விதிகள் 2021 ஆகஸ்டு 12-ல் வெளியாயின. உற்பத்தி, இறக்குமதி, இருப்பு, விநியோகம், விற்பனை, உபயோகம் ஆகிய அனைத்தும் தடைக்கு உட்பட்டன.

கடைக்காரருக்குரிய விடை இதுதான்: குழல் பெரிய கேடு என்பதனால் அன்று, அதனால் வரும் சிறு வசதிக்கு அது விளைக்கும் கேடு மிகுதி என்பதனாலும், வீசியபின் அதனைத் திரும்பச் சேகரிக்க இயலாது என்பதனாலுமே அது தடுக்கப்பட்டது.

மாற்றுப் பொருள்களின் குறைநிறைகள்

தடை நடைமுறைக்கு வருமுன் பானத் தொழில் நிறுவனங்கள் கால நீட்டிப்புக் கோரின. சிறு அட்டைப் பெட்டிகளில் விற்கும் பால், பழரச வகைகளுக்குக் குழல் இன்றியமையாதது; காகிதக் குழலை அயல்நாட்டிலிருந்து வரவழைத்தால் செலவு கூடும் என்பது அவர்கள் வாதம். அரசாங்கம் காலத்தை நீட்டிக்கவில்லை. நிறுவனங்கள் காகிதக் குழலுக்கும் மக்கும் குழலுக்கும் மாறின.

மாற்றுப் பொருள்களும் குறையற்றவை அல்ல. பெல்ஜியம் நாட்டுக் கடைகளில் வாங்கிய 39 வகைக் குழல்களை ஆராய்ந்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள், காகிதக் குழல்கள் 20 வகைகளில் 18-ல் காணப்பட்டன. அளவு சிறிதே எனினும், எஃகுக் குழல்களில் மட்டுமே அவை அறவே இல்லை. தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலக் குழல் மக்கக் கூடியது. எனினும் சுமார் 58 பாகை வெப்பம் நிலைத்திருக்கும் உரத் தொழிற்சாலையில்தான் அது நன்கு மக்கும். குளத்திலோ கடலிலோ விழுந்தால் நெடுங்காலம் கிடக்கும். ‘மக்கும்’ என்று உறையில் அச்சிட்டிருப்பது போதாது. இந்தியத் தரம் 17088-க்கு இணங்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற்ற பொருளுக்கே விதிவிலக்கு உண்டு. எஃகு, மூங்கில் குழல்களை ஒவ்வொரு முறையும் உட்புறம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அமெரிக்காவில் 2025 பிப்ரவரியில் மத்திய அரசாங்க அலுவலகங்கள் காகிதக் குழல் வாங்குவதை நிறுத்துமாறு ஜனாதிபதி ஆணை பிறந்தது. நொய்ந்து போகும் மாற்றுப் பொருளைப் பொதுமக்கள் எளிதில் வெறுப்பர் என்பதற்கு இது சான்றாகும்.

குழல் தேவைப்படுவோர்

குழல் ஆடம்பரம் அல்லாமல் அவசியமாகவே இருக்கும் மக்களும் உள்ளனர். கை நடுக்கம் உள்ளோர், பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்டோர், விழுங்குவதில் இடர்ப்படுவோர் ஆகியோர் வளையும் குழலின்றிப் பருக இயலாது. எஃகுக் குழல் பல்லையும் வாயையும் காயப்படுத்தக் கூடும். காகிதக் குழல் பாதியில் நைந்து விடும். இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் தடை வந்தபோது, இத்தகையோருக்காக மருந்துக் கடைகளில் பிளாஸ்டிக் குழல் பெற இடமளிக்கப்பட்டது. இந்தியாவில் சான்று பெற்ற மக்கும் குழலை இவர்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம். பள்ளியில் ஒரு குழந்தைக்குக் குழல் தேவைப்படின், பிறர் முன்னிலையில் அதனை இழிவாகப் பேசுதல் கூடாது.

ஓர் எளிய சோதனை

கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, ஐயத்துக்குரிய குழலை விரல் நக அளவில் நறுக்கி, காற்றுக் குமிழி ஒட்டாதவாறு நீருக்குள் அழுத்தி விட வேண்டும். பாலிப்ரோப்பிலீன் மேலெழுந்து மிதக்கும். பாலிலாக்டிக் அமிலத்தின் அடர்த்தி சுமார் 1.24 ஆதலால் அது அமிழும். காகிதம் சிறிது நேரத்தில் நீரை உறிஞ்சி இளகும். ‘மக்கும்’ என்று விற்கப்படும் குழல் மிதந்தால் ஐயத்திற்கு இடமுண்டு. இது முதற்படிச் சோதனை மட்டுமே. வேறு சில பிளாஸ்டிக்குகளும் நீரில் அமிழும் ஆதலால், முடிவான தீர்ப்பு ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தது. அடர்த்தி பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். தராசில் 100 குழல்களை நிறுத்தி, ஒரு கிலோவுக்கு எத்தனை என்று மாணவர்களையே கணக்கிடச் செய்வதும் நன்று.

முடிவு

இந்தியாவில் 2019–20-ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 35 லட்சம் டன் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. அதில் உறிஞ்சுகுழல் ஒரு துளியே. பைகளும் உறைகளும் பாட்டில்களும் முறையாகச் சேகரிக்கப்படும் வரை பெரும்பணி எஞ்சியே நிற்கும். அதனால் சிறு பணி வீணாகி விடாது. குவளையை வாயில் வைத்துப் பருக இயன்றவர் குழலை வேண்டாம் என்று கூறுவதற்குச் செலவு ஏதுமில்லை. மாற்றுப் பொருளும் தேவையில்லை. குழலின்றி இயலாதவருக்குத் தக்க குழல் கிடைக்கச் செய்தல் சமூகத்தின் கடமை. இவ்விரண்டையும் சேர்த்து விளக்கும் களப்பணியாளரின் சொல்லுக்கே கடைத்தெருவில் மதிப்பிருக்கும்.