இண்டெக்ஸ் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்?

கைபேசி எண் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போட்டாயிற்று. ஆனாலும் ஒரே ஒரு எண்ணைத் தேட, மைஎஸ்க்யூஎல் அட்டவணை முழுவதையும் புரட்டுகிறது. ஏன்?

வினவலுக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின்’ சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ‘டைப்’ என்ற இடத்தில் ‘ஆல்’ என்று வந்தால் ஒரு வரி விடாமல் வாசிக்கிறது என்று பொருள். நான் முதலில் தேடுவது விடுபட்ட மேற்கோள் குறியைத்தான். நெடுவரிசை எழுத்து வகை. நாம் கொடுத்ததோ வெறும் எண். ஒப்பிடுவதற்காக மைஎஸ்க்யூஎல் எழுத்தை எண்ணாக மாற்றுகிறது. அப்போது ‘1’, ‘01’, ‘1அ’ மூன்றுமே 1 ஆகிவிடும். இண்டெக்ஸோ எழுத்து வரிசையில் அடுக்கப்பட்டது. அதில் இந்த மூன்றும் வெவ்வேறு இடங்களில் கிடக்கும். எந்தப் பக்கத்தைத் திறப்பது? வேறு வழியின்றி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறது.

எண்ணை மேற்கோளுக்குள் வையுங்கள். சாதாரண இண்டெக்ஸ் என்றால் ‘ஆல்’ போய் ‘ரெஃப்’ வந்து நிற்கும்.