ஆழ்நீரில் ஒரு வெள்ளிக் கரண்டி

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பது தமிழில் வழங்கும் பழமொழி. சின்ன மீனே இல்லாமல், அதன் தோற்றத்தை மட்டும் காட்டிப் பெரிய மீனைப் பிடிக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதற்குரிய கருவி, கைப்பிடி இல்லாத கரண்டியைப் போன்ற ஓர் உலோகத் துண்டாகும்.

ஏரியும் மீனும்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வெள்ளை ஆற்றின் குறுக்கே 1958ஆம் ஆண்டு ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதனால் உருவான டேபிள் ராக் ஏரி ஆழமும் தெளிவும் உடையது. நீரில் மூழ்கிய மரங்கள் பல, அதன் அடியில் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. அம்மரங்களுக்கிடையே பாஸ் எனப்படும் வேட்டை மீன்கள் வாழ்கின்றன. ஷாட் என்னும் சிறு வெள்ளி நிற மீன்களே அவற்றின் முக்கிய உணவு.

கோடையில் ஏரியின் மேற்பகுதியில் வெப்பநீரும் அடியில் குளிர்நீரும் தனித்தனி அடுக்குகளாக இருக்கும். அடிநீரில் உயிர்வளி குறைவு. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, எடை மிகுந்து, கீழே இறங்குகிறது. இரண்டு அடுக்குகளும் கலக்கின்றன. உயிர்வளி அடிவரை செல்கிறது. எனவே குளிர்காலத்தில் ஷாட் மீன்கள் கூட்டமாக ஆழத்திற்குச் செல்ல முடிகிறது. பாஸ் மீன்களும் அவற்றைப் பின்தொடர்கின்றன.

மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் குளிர்ந்தால் பாஸ் மீனின் செரிமானமும் இயக்கமும் தளர்கின்றன. அது இரையைத் துரத்திச் செல்ல விரும்புவதில்லை. ஷாட் மீன்களோ கடுங்குளிரைத் தாங்க மாட்டாமல் துடித்துத் துடித்துக் கீழே விழுகின்றன. விழும் இரையைப் பாஸ் மீன் காத்திருந்து கவ்வுகிறது.

கரண்டித் தூண்டில்

இந்தக் காட்சியைத்தான் கரண்டித் தூண்டில் நடித்துக் காட்டுகிறது. அமெரிக்கரான ஜூலியோ பியூல், உலோகத் தகட்டாலான தூண்டிலுக்கு 1852ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். உணவு உண்ணும் கரண்டி ஒன்று ஏரியில் தவறி விழ, அதை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது.

ஆழ்நீருக்கான கரண்டித் தூண்டில் பெரும்பாலும் 14 முதல் 28 கிராம் வரை எடையுடையது. அதன் எடையால் அது படகிற்கு நேர் கீழே விரைவாக இறங்கும். ஒலி அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவி படகில் இருக்கும். அந்த ஆழத்திற்குத் தூண்டிலை இறக்கியபின், கோலை அரை மீட்டர் அளவு உயர்த்தித் தாழ்த்துவர். தூண்டில் விழும்போது பக்கவாட்டில் ஆடி ஒளி வீசும். பெரும்பாலும் அது விழும் நேரத்திலேயே மீன் கவ்வும். கயிறு இறுக்கமாக இருந்தால் தூண்டில் ஆடாது. மிகவும் தளர்ந்தால் மீன் கவ்வியது தெரியாது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையை அறிவதே இக்கலையின் திறன்.

மேலே வரும் மீனின் துன்பம்

அளவில் சிறிய பாஸ் மீனை நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் ஆழத்திலிருந்து வந்த மீனை விட்டுவிட்டால் மட்டும் அது பிழைத்துவிடுமா?

பாஸ் மீனின் உடலுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. நீரில் மிதக்கும் நிலையை அது சீராக வைத்திருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் இருமடங்கு. மீனை விரைந்து மேலே இழுத்தால் அழுத்தம் பாதியாகிறது. பையில் உள்ள காற்றோ இருமடங்காக விரிய முயல்கிறது. கெண்டை போன்ற மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. அவை காற்றை வாய்வழியே வெளியேற்றிவிடும். பாஸ் மீனுக்கு அக்குழாய் இல்லை. அதன் வயிறு உப்பி, கீழே செல்ல முடியாமல் நீரின்மேல் மல்லாந்து மிதக்கும். அப்படியே விட்டால் இறந்தும் போகலாம்.

இதற்கு வழி உண்டு. எடை கட்டிய கொக்கியில் மீனை மெல்லப் பொருத்தி, பழைய ஆழத்திற்கே இறக்கி விடுவிக்கலாம். அழுத்தம் மிகும்போது காற்று சுருங்கி, மீன் மீண்டும் நீந்தும். பயிற்சி பெற்றோர் நுண்ணிய ஊசியால் காற்றை வெளியேற்றுவதும் உண்டு. இவை இரண்டிற்கும் மேலானது, வேண்டிய அளவு மீன் கிடைத்ததும் ஆழத்தில் தூண்டில் இடுவதை நிறுத்திக்கொள்வதாகும். மீனைப் பிடிக்க அறிந்தவர், அதை உயிரோடு திருப்பி அனுப்பவும் அறிந்திருக்க வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. குளிர்காலத்தில் மீன்கள் ஏரியின் ஆழத்திற்குச் செல்ல முடிவது ஏன்?
2. விழும் தூண்டிலையே பாஸ் மீன் பெரும்பாலும் கவ்வக் காரணம் யாது?
3. ஆழத்திலிருந்து பிடித்த மீனைக் காப்பாற்றும் வழிகளை உம் சொந்த நடையில் எழுதுக.